வெந்தயக் கலர் சுங்குடி

தென்காசியில் வீட்டை வைத்துக்கொண்டு குற்றாலத்தில் ரூம் போட்டுத் தங்குகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஆட்டோவில் ஏறினால் கால்மணி நேரம். காலையில் போய்க் குளித்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். அதிலும் நான் பிறந்து வளர்ந்தது வடகரையில். மலையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பல் தேய்த்தவளுக்கு அருவி என்ன பெரிய அதிசயம்? குற்றாலம் என்பது எனக்கு பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் போட்டுச் சொல்கிற ஒரு ஸ்டாப், அவ்வளவுதான்.

கல்யாணமான வருஷம் மார்கழியில் என் வீட்டுக்காரர் வந்து, "அரைப்பரீட்சை லீவுக்குக் குற்றாலத்துல காட்டேஜ் சொல்லியாச்சு. மாமாவும் அத்தையும் திருவேங்கடத்துல இருந்து வாராங்க" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

"இங்கன இருந்து அங்கன போய்த் தங்கவா? அதுக்கு மொட்டை மாடியில போய்ப் படுத்துக்கிடலாமே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. மாமா, அத்தை என்று அவர் சொன்னது என் பக்கத்து உறவை இல்லை. இறந்துபோன அவருடைய முதல் மனைவியைப் பெற்றவர்களை.

நான் இரண்டாந்தாரம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அப்பா படுக்கையில் விழுந்து, அவரைப் பார்த்துக்கொண்டே என் வயது ஓடிவிட்டது. அவர் போன பிறகு பார்த்தால் தலையில் நரை. இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், இனி என்ன என்று இருந்தேன். அப்போதுதான் இந்தச் சம்பந்தம் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை, ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையைப் பார்க்குமுன் நான் பிள்ளையின் போட்டோவைத்தான் பார்த்தேன். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

அந்தப் பிள்ளை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாது. அம்மா என்று கூப்பிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சித்தி என்றாவது, டீச்சர் என்றாவது, ஏதாவது ஒன்று. கிடையாது. பென்சில் சீவ வேண்டுமென்றால் பென்சிலைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டும். பசித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும். மரியாதைக்குக் குறைவில்லை, சண்டையும் இல்லை. தலை பின்னிவிட மட்டும் விடாது. தலைக்குக் குளித்தால் துவட்டிவிடவும் விடாது. துண்டை என் கையிலிருந்து வாங்கி, பிஞ்சுக் கையால் தானே தேய்த்துக்கொண்டு நிற்கும், முதுகில் தண்ணீர் சொட்டச் சொட்ட. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சாதாரணமாக இல்லை. அடுப்படிக்குள் போய் எதையாவது உருட்டுவேன்.

இந்தக் குற்றாலப் பயணத்துக்கு ஒரு கதை இருந்தது. மூத்தவளை, அதாவது அந்த முதல் மனைவியைப் பெற்ற அப்பா போலீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். சாரல் சீசனில் ஊரெல்லாம் அருவிக்குப் போகும்போது அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அருவிக்கரையில் டூட்டியில் நிற்பார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் விட்டுக் குளிக்க வைத்தவருக்கு, தன் பிள்ளையைக் கூட்டிவர லீவு கிடைத்ததில்லை. அதனால் அந்தக் குடும்பத்துக்கு அருவி என்றால் மார்கழிதான். சபரிமலையில் மண்டல பூஜை முடிந்து நடை சாத்தியிருக்கும் அந்த இடைவெளி நாட்களில் சாமிமார் கூட்டம் கொஞ்சம் குறையும். அந்த நேரம் பார்த்து வருவார்கள். தண்ணீர் மெலிந்திருக்கும். குளிரில் பல் கிட்டிப்போகும். அவர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கரிசக்காட்டுக்காரர்கள், ஓடுகிற தண்ணீரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுகிறவர்கள்.

நான் கிளம்புகிற செய்தி கேட்டு என் அம்மா வடகரையிலிருந்து போன் பண்ணினாள்.

"அவங்க வீட்டுல சேலை வைப்பாங்க, தெரியும்லா?" என்றாள்.

தெரியும். பூவும் பொட்டுமாகப் போனவளை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கம் உள்ள வழக்கம்தான். பனையோலைப் பெட்டியில் ஒரு சேலையை வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை தை பிறக்கும்போது மாற்றுவார்கள். மற்ற வருஷங்களில் புதுச்சேலை. முதல் தடவை வைப்பது மட்டும் போனவளே உடுத்திய சேலை. பெட்டியிலிருந்து எடுத்ததை அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, ஓடுகிற தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு உடுத்த வேண்டும். மூத்தவளுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லை. அப்படியானால் அவள் இடத்துக்கு வந்தவளுக்குத்தான் அது சேர வேண்டும். கொடுத்தால், நீயும் எங்கள் மகள் என்று சொல்வதாக அர்த்தம். கொடுக்காவிட்டால் அதற்கும் அர்த்தம் இருக்கிறது.

"குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்கோ. குடுக்கலைன்னா நீயா வாயைத் தொறக்காத" என்றாள் அம்மா. "பிள்ளையோட ஆச்சி சரின்னா பிள்ளையும் உன்கிட்ட வந்துரும், பாத்துக்கோ."

எனக்கு அந்தச் சேலையில் ஆசை இல்லை. பிள்ளை வந்துவிடும் என்றாளே, அதில்தான் ஆசை.

வேன் பிடித்துப் போனோம். திருவேங்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்களைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டோம். பெரியவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் திரும்பி, பழக்க தோஷத்தில் விரலை நீட்டி ஆள் எண்ணினார். என் வீட்டுக்காரர், பிள்ளை, தன் மனைவி, நான், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

"அஞ்சு. சரியா இருக்கு. வண்டிய எடுங்க தம்பி" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். முன்பும் அவர்கள் அஞ்சு பேர்தான். கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த அம்மாளை நான் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை என்றால் அது என் வீட்டுக்காரருக்கு உள்ள முறை. அம்மா என்று கூப்பிட அவள் இடம் கொடுக்க வேண்டும். அவளோ என்னை "டீச்சர்" என்பாள். "டீச்சருக்கு ரசம் ஊத்துங்க." "டீச்சர், குளிருதுன்னா கதவைச் சாத்திக்கிடுங்க." வாங்க, போங்க என்று பேச்சில் ஒரு குறையும் இருக்காது. அந்த மரியாதையைப் போல ஒரு மதிலை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பிள்ளை என்னை எதுவும் கூப்பிடவில்லை. நான் அந்த அம்மாளை எதுவும் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நின்று செருமுவேன்.

காட்டேஜில் அவர்களுக்கு என்று ஒரு நடைமுறை இருந்தது. விடிந்ததும் மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை என்பதால் ரூமிலேயே தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டு, அதற்குப் பிறகு அருவிக்குப் போவார்கள். "இங்கனயே குளிச்சாச்சே, பிறகு எதுக்கு அங்க?" என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். குளித்து வந்ததும் மிளகாய் பஜ்ஜி. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் மங்கி குல்லாவும் மஃப்ளருமாகக் கடைத்தெருவில் ஒரு நடை, நேந்திரங்காய்ச் சிப்ஸ் சூடாகப் பொரிகிற இடத்தில் நின்று கை காய்ச்சிக்கொள்வது. திரும்பி வந்து தாயம். இந்தப் பக்கத்தில் இன்னார் உட்கார வேண்டும் என்றுகூட இருந்தது. நான் தெரியாமல் சுவர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. நான் எழுந்து வேறு பக்கம் உட்கார்ந்தேன். அந்தச் சுவர்ப்பக்கம் கடைசிவரை காலியாகவே கிடந்தது. ஆட்டத்தில் பிள்ளைதான் ஜெயித்தது. ஜெயித்ததற்கு அது சந்தோஷப்படவில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரரின் போனை வைத்துப் பிள்ளை பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்று பார்த்தேன். ஐந்தருவி. வெந்தயக் கலரில் அரக்குக் கரை போட்ட ஒரு சுங்குடிச் சேலை. மூத்தவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முந்தானைக்குள் ஒரு பொட்டலம். பொட்டலத்துக்கு மேலே பிள்ளையின் முகம் மட்டும், குளிரில் உதடு கோணிக்கொண்டு. குளித்து முடித்ததும் அவள் அப்படித்தான் செய்வாளாம். துண்டெல்லாம் தேட மாட்டாளாம். பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் போட்டு, நடுக்கம் நிற்கிற வரைக்கும் அப்படியே நின்று தலையைத் துவட்டிவிடுவாளாம். இதை அவளுடைய அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், என்னிடம் இல்லை, பொதுவாக. எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்தவள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் இருந்தது.

மறுநாள் துவைத்த துணி எடுத்து வைக்கும்போது அந்த அம்மாளின் பையில் அந்தச் சேலை இருந்ததைப் பார்த்தேன். அடியில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி. அரக்குக் கரை மட்டும் வெளியே தெரிந்தது. நான் பையை மூடிவிட்டேன். கொண்டு வந்திருக்கிறாள். கொடுக்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நிற்கிறாள் என்று புரிந்தது. அன்று மத்தியானம் அவளும் நானும் வராந்தாவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து மேகம் இறங்கி எதிரே இருந்த தென்னைகளை மூடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நாளைக்குத் தலைக்குக் குளிப்பீங்களா?" என்றாள்.

"குளிக்கலாம்" என்றேன்.

அவள் கடலைத் தொலியை ஊதினாள். "பாப்போம். குளிர் எப்படி இருக்குன்னு பாத்துக்கிடுவோம்" என்றாள்.

குளிரைப் பற்றித்தான் அவள் பேசினாள் என்று நம்ப நான் என்ன சின்னப் பிள்ளையா? அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் என்ன குறை என்று கேட்கத் தோன்றியது. என்னிடம் குறை எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டம் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. நான் கெட்டவளாக இருந்திருந்தால் அவள் மகள் இடம் காலியாக இருந்திருக்கும்.

கடைசி நாள் காலையில் ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் பக்கம் கூட்டமே இல்லை. காவலுக்கு நின்ற பெண் போலீஸ், பெரியவரைத் தெரிந்தவள். "வாங்கம்மா, பாசி கிடக்கு, பாத்து" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். தண்ணீர் கயிறு கயிறாகத்தான் விழுந்தது. ஆனால் தலையில் பட்டதும் உச்சி மரத்துப் போனது. மூச்சு அடைத்தது. பக்கத்தில் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாறையைப் பிடித்தபடி நின்றாள். அருவிக்கு அடியில் யாருடைய முகத்தைப் பார்த்தாலும் அழுகிற மாதிரிதான் இருக்கும். அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

பிள்ளை தண்ணீரை விட்டு வர மாட்டேன் என்றது. "கம்பியை விட்றாத" என்று சொல்லி, பெண் போலீஸிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் என்னைக் கூட்டிக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு வந்தாள். என் பையை எடுக்கக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். அந்த மூன்று நாளில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வேட்டித் துண்டைப் பிரித்துச் சேலையை எடுத்தாள்.

"இது அவ சேலை" என்றாள்.

"தெரியும்."

"தை பொறக்க முந்தி எடுக்கணும். போன வருஷம் எடுத்தாலும் வாங்கி உடுத்த ஆள் இல்ல. இந்த வருஷம் இருக்கு. எனக்குத்தான் மனசு இல்லாம இருந்துச்சு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தண்ணிக்குள்ள நிக்கும்போது அவகிட்ட கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ எதுக்கும் மாட்டேன்னு சொன்ன பிள்ளை இல்ல."

அம்மா சொன்னபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஓலைப்பெட்டி வாசனையும் சூடத்தின் வாசனையும் அடித்தது. எனக்குக் கொசுவம் நிற்கவில்லை. குளிர்தான் காரணம் என்றேன். அவளே குனிந்து கொசுவம் பிடித்துச் சொருகினாள், சின்ன வயதில் மகளுக்குச் செய்திருப்பாளே, அப்படி. முந்தானையை என் தோளில் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போய் நின்றாள். முதுகில் கையை வைத்து ஒரு தடவை தடவினாள். சேலையைத் தடவினாளா, என்னையா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தோம். காற்று ஈரத்தலையில் அடித்தது. அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து முடியைப் பிழிந்துகொண்டு நின்றேன். பிள்ளையைக் கூப்பிட அவள் திரும்பினாள். அதற்குள் பிள்ளையே வந்துகொண்டிருந்தது. பெரியவர்களான நாங்கள் இருவரும் சேலையைப் பற்றி எவ்வளவோ யோசித்தோம். யார் கொடுப்பது, யார் வாங்குவது, கொடுத்தால் என்ன அர்த்தம், கொடுக்காவிட்டால் என்ன அர்த்தம். பிள்ளையின் கண்ணில் அந்தச் சேலை படும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஓடி வருகிற கால் சத்தம் கேட்டது. "அம்மா" என்று ஒரு குரல்.

அப்படி ஒரு குரலை அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டதே இல்லை. ஈரக் கை இரண்டும் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. முகத்தை என் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுபடியும் "அம்மா" என்றது. சொல்லவில்லை, மூச்சாக விட்டது. அதன் உடம்பு முழுதும் வெடவெடவென்று ஆடியது. நான் எதற்காகக் கழுத்தை நீட்டினேனோ அந்த வார்த்தை என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கு வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பப் போனேன். திரும்பி, வாரி எடுத்துக்கொள்ளத்தான் உடம்பு துடித்தது.

"ஏட்டி, திரும்பாத" என்றாள் மூத்தவளுடைய அம்மா.

டீச்சர் இல்லை. ஏட்டி. பெற்ற பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி.

"கொஞ்ச நேரம் அப்படியே நில்லுட்டி. அவ பிடிச்சுக்கிடட்டும்."

நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கண்ணீர் மோவாயில் இறங்கிச் சேலையில் விழுந்தது. துடைத்தால் உடம்பு அசையும் என்று துடைக்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரும் பெரியவரும் வருவது தெரிந்தது. தூரத்திலேயே இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

பிள்ளையின் கை இடுப்பிலிருந்து மெல்ல நகர்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் வளையல் போடுகிறவள் இல்லை. அருவிக்கும் கழற்றாத ஒரு வாட்ச் உண்டு. அந்த வாட்ச்சில் அதன் விரல் தட்டியது. நின்றது. வாரை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு கையை எடுத்துவிட்டது.

முன்பக்கமாக வந்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை. நான்தான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். நான் உன் அம்மா இல்லை என்று அதற்குச் சொல்லித்தர வேண்டுமா? நடுங்குகிற கையால் அதுவே என் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

"தலையத் துவட்டுங்க. குளிருது" என்றது.

துவட்டினேன். அதன் அம்மாவின் சேலையால், நான். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நான் யாரென்று தெரிந்த பிறகு அதற்கு எதற்குக் கண்ணைத் திறக்க வேண்டும்?

திரும்பும்போது வேனில் பெரியவர் முன் சீட்டில் ஏறினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டியவர் அப்படியே மடக்கிக்கொண்டார். அன்று அவர் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு மார்கழிகள் வந்து போய்விட்டன. ஒவ்வொரு வருஷமும் குற்றாலத்தில் ரூம் போடுகிறோம். தாயம் ஆடும்போது சுவர்ப்பக்கம் உட்காரும்படி என்னிடம் சொல்வது இப்போது பிள்ளைதான். திருவேங்கடத்து அம்மாவை நான் அம்மா என்றே கூப்பிடுகிறேன். அவளுக்கு நான் ஏட்டிதான். பிள்ளை என்னிடம் தலை பின்னிக்கொள்கிறது, பள்ளிக்கூடத்துச் சண்டையெல்லாம் சொல்கிறது, காய்ச்சல் வந்தால் என் பக்கத்தில்தான் படுக்கிறது. என்னை மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அன்று ஐந்தருவியில் கேட்ட அந்த வார்த்தையை அதன் வாயிலிருந்து அப்புறம் நான் கேட்கவே இல்லை.

சேலை என்னிடம்தான் இருக்கிறது. முறைப்படி அது இப்போது என்னுடையது. வெயிலில் காயவைத்து மடித்துத் திரும்ப வைக்கிறேனே தவிர, உடுத்துவதில்லை. உடுத்தினால் பின்னாலிருந்து மறுபடியும் அப்படிக் கூப்பிடுமோ என்று ஆசையாக இருக்கிறது. கூப்பிட்டால் நான் திரும்பக் கூடாதே.